எட்டு அழுத்தும் ஒரு கொசுறும்

1

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் சுகம் விசாரித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: அங்கே உனக்கு என்னதான் வேலை? நான் இங்கிலாந்தில் வந்து இறங்கி இந்த வாரத்தோடு நான்கு வருஷம் ஆகிறது. இதுவரை "கருவிகள் செய்யும் பட்டறையில் வேலை" என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். இப்போது விவரமாக எழுத ஒரு காரணம் வந்திருக்கிறது.

நான் செய்வது ஒரு மூக்கு. மூச்சுத் திணறல் உள்ளவர்கள் மருந்தைத் தூவி உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு சின்னக் கருவி உண்டு. ஒரு கண்ணாடிப் புட்டி. அதன் தலையில் பித்தளைக் குழாய். குழாயின் ஒரு முனையில் கைக்குள் அடங்கும் ரப்பர் பந்து, மறுமுனையில் ஊசி முனை அளவுக்கு ஒரு துவாரம். பந்தை அழுத்தினால் காற்று மருந்தை இழுத்துக்கொண்டு துவாரத்தின் வழியே பாயும். அந்த முனையைத்தான் மூக்கு என்கிறேன். ஒவ்வொரு அழுத்துக்கும் ஒரே அளவு மருந்து, ஒரே அளவு துளி வரவேண்டும். வருகிறதா என்று சோதிப்பதும், வராவிட்டால் வரவைப்பதும் என் பொறுப்பு.

துளியின் அளவு ஏன் முக்கியம் என்று கொடைக்கானல்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பனி ஜன்னல் வழியே வந்து, கட்டிலைத் தாண்டி, கொல்லைக் கதவு வழியே போய்விடும். மழை வாசலோடு நின்றுவிடும். நெஞ்சுக்குள் போக வேண்டிய மருந்து பனியாக இருக்க வேண்டும். மழையாக வந்தால் தொண்டையில் விழுந்து படபடப்பைக் கொடுக்குமே தவிர மூச்சைத் திறக்காது.

என் அப்பா பஜாரில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். முப்பது வருஷமாக மைதா மாவைச் சுவாசித்தவருக்கு இளைப்பு வந்தது. மாவை விட்டு விலகினால் பாதி குணமாகும் என்று டிஸ்பென்சரி டாக்டர் சொன்னாராம். "மாவ விட்டுட்டு நான் மூச்சு விட்டு என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டு அப்பா அடுப்புக்குத் திரும்பிவிட்டார். நான் சென்னையில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தபோதே அம்மா போய்விட்டாள். வீட்டில் அவரைத் தடுக்க ஆள் இல்லை.

இங்கே வந்த இரண்டாம் வருஷம், பட்டறையில் நானே சோதித்த ஒரு கருவியை அவருக்கு அனுப்பினேன். பார்சல் படிவத்தில், உள்ளே இருப்பது மருந்தா, இயந்திரமா, விளையாட்டுச் சாமானா என்று மூன்று கட்டம் இருந்தது. நாலாவதாக ஒரு கட்டம் நானே வரைந்து "கருவி" என்று எழுதினேன். தபால் ஆபீஸ் குமாஸ்தா அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு விளையாட்டுச் சாமானில் ஒரு டிக் போட்டார்.

டாக்டர் குறித்த அளவை அழுத்துகளாக மாற்றி, உபயோகிக்கும் முறையைப் பட்டியலிட்டு உள்ளே வைத்திருந்தேன். நாலாவது வரி இது: எட்டு அழுத்து, அதற்கு மேல் கூடாது. அப்பா பதில் எழுதினார். கருவிக்கு அவர் வைத்த பெயர் பீச்சாங்குழல். ரொட்டி எண்ணுவதுபோல "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணி எட்டு அழுத்துகிறாராம். பிறகு ஒன்று கொசுறு. "டஜன் பன் வாங்குறவனுக்கெல்லாம் ஒண்ணு சேத்துக் குடுக்கிறேன். எனக்கு மட்டும் கொசுறு கெடையாதா?"

நான் பதறவில்லை. அப்பாவை அறிந்தவள் என்பதால் ஒன்பதைக் கணக்கில் வைத்துத்தான் எட்டு என்று எழுதியிருந்தேன்.

2

ஏழெட்டு மாதம் கழித்து வந்த கடிதம் வழக்கம்போலத்தான் தொடங்கியது. கர்த்தருக்குள் அன்பான மகள் ஞானத்துக்கு, இங்கு யாவரும் சுகம், சீசன் முடிந்து வெள்ளைக்காரர்கள் இறங்கிவிட்டார்கள், ரொட்டி பாதியாகக் குறைத்தாயிற்று. அதற்குக் கீழே இப்படி இருந்தது:

"உன் பீச்சாங்குழல் ரெண்டு நாளாக அடைத்துக் கிடந்தது. காசிம் பாயிடம் கொடுத்தேன். ஸ்டவ் பின்னை விட்டு ஒரு குத்துக் குத்தினார், சரியாகிவிட்டது. நீ செய்ததைவிட இப்போது நன்றாக அடிக்கிறது. முன்னே புகை மாதிரி வந்தது, இப்போது மழை மாதிரி வருகிறது. எட்டு முடிவதற்குள் நெஞ்சு குதிரை மாதிரி ஓடுகிறது. அவ்வளவு பவர்."

காசிம் பாய்க்கு எங்கள் கடைக்கு அடுத்த கடை. ஸ்டவ், அரிக்கேன், பெட்ரோமாக்ஸ் எது ரிப்பேர் என்றாலும் பஜாரில் அவரிடம்தான் போவார்கள். ஸ்டவ்வின் நிப்பிள் அடைத்தால் தகரக் கைப்பிடியில் மெல்லிய கம்பி வைத்த பின்னை உள்ளே விட்டுக் குத்துவது எங்கள் ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும். நானே ஆயிரம் முறை குத்தியிருக்கிறேன். ஸ்டவ் நிப்பிள் கொஞ்சம் பெரிதானால் ஜுவாலை மஞ்சளாகும், வேறொன்றுமில்லை. என் மூக்கின் துவாரம் அதைவிடச் சிறியது, பித்தளையும் மெல்லியது; ஒரு குத்துக்கே அகன்றுவிடும். அப்பாவுக்கு வைத்தியமாகத் தெரிந்த பவர், தூக்கலான மருந்து.

கடிதம் கப்பலில் மூன்று வாரம் வந்திருந்தது. மூன்று வாரமாக அவர் இப்படி அழுத்திக்கொண்டிருக்கிறார்.

நிறுத்துங்கள் என்று தந்தி அடிப்பது எளிது. ஆனால் நிறுத்தினால், வெள்ளனே அடுப்பு மூட்டும் நேரத்தில் இளைப்பு வந்தால் அவர் கையில் ஒன்றுமில்லை. தொடரச் சொன்னால் இதயம் தாங்குமா தெரியாது. ஒரு தாளை இரண்டாக மடித்து, நிறுத்தினால் என்ன, தொடர்ந்தால் என்ன என்று இரண்டு பக்கமும் எழுதினேன். இரண்டு பக்கமும் ஒரே நீளம் வந்தது.

வீட்டுக்கார அம்மாளிடம் அவளுடைய ஸ்டவ் பின்னைக் கேட்டு வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அப்பாவுக்கு அனுப்பிய அதே ரக மூக்கு ஒன்றை எடுத்து, காசிம் பாய் எப்படிக் குத்துவார் என்று நினைவுபடுத்திக் குத்தினேன். அவர் ஒரு முறை குத்திவிட்டு, திருப்தி இல்லாமல் பின்னைச் சுழற்றி இன்னொரு முறை குத்துவார். அதையும் செய்தேன். புட்டியைத் தராசில் நிறுத்து, எட்டு அழுத்து அழுத்தி, மறுபடி நிறுத்தேன். போக வேண்டிய மருந்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போயிருந்தது.

தந்தி ஆபீஸில் கொடைக்கானல் என்ற பெயரைப் புத்தகத்தில் தேடிப் பிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. நான் கொடுத்த செய்தி இதுதான்: மூன்று அழுத்து மட்டும், கொசுறு வேண்டாம், கடிதம் வருகிறது. கொசுறுக்கு இங்கிலீஷ் வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அதை இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதினேன். இது என்ன சங்கேதமா என்று குமாஸ்தா கேட்டார். யுத்தம் வரும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த சமயம். குடும்ப வார்த்தை என்று சொல்லி, அதற்கு ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

3

மூன்று அழுத்து என்பது என் ஊகம். காசிம் பாயின் கை நான் நினைத்ததைவிட ஆழமாகக் குத்தியிருந்தால் மூன்றும் அதிகம். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் பின்னால் போன கடிதத்தில் ஒரு வேலை கொடுத்தேன்.

சர்க்கரை கட்டிவரும் நீலத் தாள் கடையில் எப்போதும் கிடக்கும். அதில் தண்ணீர் பட்டால் காய்ந்த பிறகும் தடம் போகாது. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டச் சொன்னேன். புட்டியில் மருந்தை எடுத்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றி, பெரிய ரொட்டி டின்னின் நீளம் தள்ளி நின்று, எட்டு முறை அழுத்த வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று விழாமல், தட்டில் பன் அடுக்குவதுபோல வரிசையாக. காய்ந்ததும் தபாலில் போட வேண்டும்.

தாள் வந்தது. வரிசையில் ஒன்பது பொட்டுகள் இருந்தன.

ஒவ்வொரு பொட்டும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பெரிய பெரிய துளிகளாக இருந்தது. துவாரம் கோணிவிட்டது. ஆனால் அளவில், பட்டறையில் நான் குத்திப் பார்த்த மூக்கின் பொட்டுக்குச் சமமாகத்தான் இருந்தது, மூன்று அழுத்து தப்பில்லை. மழை மாதிரி வருகிறது என்ற கடிதத்துக்குப் பிறகு, அன்று மத்தியானம்தான் நான் முதல் முறையாகச் சரியாகச் சாப்பிட்டேன். தாளின் பின்பக்கம் காசிம் பாய் சொல்ல அப்பா எழுதியிருந்தார்:

"பாப்பா, கோவிச்சுக்கிடாத. அடைச்சாக் குத்துறதுதான என் சோலி? மூச்சுக்குப் போற சாமான்னு உங்கப்பா சொல்லல. நானும் கேக்கல. இனிமே நானும் தொட மாட்டேன், ஒருத்தனத் தொடவும் விட மாட்டேன்."

அந்தத் தாளை எங்கள் போர்மன் பிரிக்ஸிடம் காட்டினேன். பிரிக்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு தட்டு நிறைய மூக்குகளைக் காட்டி இவை சரியா என்று கேட்டார். சரி என்று நம் ஊர்ப் பாணியில் தலையை ஆட்டினேன். அவர் அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டார். அன்றிலிருந்து நான் தலையை அசைப்பதில்லை, வாயால் சொல்கிறேன். ஊருக்கு வந்தால் என்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள்.

நம் வாடிக்கையாளர்கள் இதில் ஊசி விடமாட்டார்கள் என்றார் பிரிக்ஸ். தாளை அவர் மேஜையிலேயே விட்டுவந்தேன். மறுநாள் அவர் தம் மனைவியின் வாசனைத் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். அதன் மூக்கைத் தொப்பி ஊசியால் குத்திக் குத்தி ஒரு பட்டாணி போகும் அளவுக்கு ஆக்கியிருந்தாள் அந்த அம்மாள். "வேறு மூக்கு யோசி" என்றார்.

முதல் மாற்றம் சீக்கிரம் முடிந்தது. பித்தளைக்குப் பதில் கண்ணாடி முனை. எந்தப் பின்னாலும் அதைப் பெரிதாக்க முடியாது. அடைத்தால் சுத்தம் செய்யக் குதிரை வால் முடி ஒன்று போதும். இதை அப்பாவுக்கு எழுதியபோது பாய் பதில் சொல்லியிருந்தார்: "ஏரிக்கரையில குதிரைக்காரன்ட்ட வால் முடி கேட்டா என்னைய ஏற இறங்கப் பாக்குறான். ஆனாலும் ஒரு கட்டு வாங்கி வச்சிருக்கேன்."

4

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தமிழ் டாக்டர் வீட்டுக்குப் போவேன். அவர்களுடைய மகள் லில்லிக்கு ஆறு வயது. நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவள் அம்மாவுக்கு ஆசை. அம்மா தமிழில் கேட்டால் லில்லி இங்கிலீஷில் பதில் சொல்வாள். நான் இங்கிலீஷில் கேட்டால் பதிலே சொல்ல மாட்டாள். ஒரு நாள் என் பையிலிருந்த சோதனைக் கருவியை எடுத்து, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, தாளில் அழுத்தி விளையாடினாள். ஒன், டூ, த்ரீ என்று எண்ணினாள். லாபம், ரெண்டு என்று எண்ணச் சொன்னேன். லாபம் என்றால் என்ன என்று கேட்டாள். வியாபாரத்தில் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் எண்ணத் தொடங்குவார்கள் என்றேன். இங்கே என்ன வியாபாரம் நடக்கிறது என்று கேட்டுவிட்டு, மறுபடியும் ஒன்னிலிருந்து தொடங்கினாள்.

அவள் விளையாடிய தாளை மடிக்கும்போது பார்த்தேன். கருவி என்னுடையது, கோளாறு எதுவும் இல்லாதது. ஆனால் பொட்டுகள் சிறியவை. பனியே இல்லை, நடுவில் மட்டும் நாலைந்து கெட்டித் துளிகள். குழந்தையின் கையில் வலு இல்லை. நாங்கள் பட்டறையில் திடமான கையால் அழுத்திச் சோதிக்கிறோம். இளைப்பு வந்து தவிக்கும் ஒருவர் திடமான கையால் அழுத்தமாட்டார் என்பது இரண்டு வருஷத்துக்கும் மேலாக எனக்குத் தோன்றவில்லை.

அறைக்கு வந்து அப்பாவின் தாள்களை எடுத்து மாதவாரியாகத் தரையில் வரிசைப்படுத்தினேன். புது மூக்கு தயாராகும்வரை அவர் பழையதைத்தான் உபயோகித்தார்; அதன் துவாரம் மேலும் கோணுகிறதா என்று பார்க்க மாதம் ஒரு தாள் அனுப்பச் சொல்லியிருந்தேன், ஆறு தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒன்பது பொட்டுகள். மாதத்துக்கு மாதம் பொட்டுகள் சிறுத்துக்கொண்டே வந்திருந்தன. ஆறாவது தாளின் கடைசிப் பொட்டு, லில்லி போட்டதைவிடச் சற்றே பெரிது. அந்த ஆறு மாதத்துக் கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். ஆறிலும் சுகம் என்றுதான் இருந்தது.

அதன் பிறகு செய்த மாற்றம்தான் இந்த நான்கு வருஷத்தில் என் பெயரைச் சொல்லும் வேலை. புட்டியை ஒரு முறை சாய்த்து நிமிர்த்தினால், மூக்கின் அடியில் உள்ள சின்னக் குழியில் குறித்த அளவு மருந்து மட்டும் வந்து தங்கும். மூக்குக்கு எதிரே ஒரு கண்ணாடி மணி. பெரிய துளிகள் மணியில் மோதிக் குழிக்கே திரும்பும், பனி மட்டும் வெளியே வரும். குழி காயும்வரை அழுத்த வேண்டும். திடமான கைக்கு ஆறேழு அழுத்து ஆகலாம், தளர்ந்த கைக்கு இருபது ஆகலாம், உள்ளே போவது ஒன்றுதான்.

அப்பாவுக்குப் போன முதல் பெட்டியை நானே கட்டினேன். பதில் வந்தது. மூச்சு நன்றாகத் திறக்கிறது, படபடப்பு இல்லை. "ஆனா ஏத்தா, இதுல கொசுறு போட வழியே இல்லயே" என்று ஒரு புகார். கூடவே ஒரு நீலத் தாள். அழகான, மெல்லிய, ஒரே சீரான பொட்டு. பட்டறையில் நான் போட்ட பொட்டையும் அதையும் பக்கத்தில் வைத்து பிரிக்ஸிடம் காட்டினேன். எது எது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அறையில் உட்கார்ந்து அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி அப்பாவின் கை எப்படி இருக்கிறது என்று இந்தத் தாள் சொல்லாது. யார் அழுத்தினாலும் ஒரே மாதிரி இருக்கும்படி நான்தான் செய்திருக்கிறேன். கடிதமோ சுகம் என்று மட்டும்தான் சொல்லும்.

பழைய மூக்கைத் தூர எறிய வேண்டாம் என்று அப்பாவுக்கு எழுதினேன். அதில் மருந்து ஊற்றக் கூடாது. மாதம் ஒரு முறை தண்ணீர் ஊற்றி, முன்போலவே வரிசையாக எட்டு அழுத்தி அனுப்ப வேண்டும். பட்டறையின் ஆராய்ச்சிக்கு என்று காரணம் சொன்னேன். அப்பாவுக்கு நான் எழுதிய பொய் அது ஒன்றுதான்.

5

அதற்குப் பிறகு வந்த ஐந்து தாள்களையும் அளந்து குறித்து வைத்திருக்கிறேன். முதல் நான்கில் பொட்டுகள் சிறுக்கவுமில்லை, பெருக்கவுமில்லை. புது மருந்து முறையால் தளர்ச்சி நின்றிருக்கிறது என்று எழுதிக்கொண்டேன். நான்கிலும் எட்டும் ஒரு கொசுறும் இருந்தன.

ஐந்தாவது தாள் இந்தத் திங்கட்கிழமை வந்தது. பிரித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொட்டுகள் பெரியவை, முதன்முதலில் வந்த தாளில் இருந்ததைவிடப் பெரியவை. துளிகள் ஓரம்வரை பாய்ந்திருந்தன. முதல் பொட்டுக்கும் கடைசிப் பொட்டுக்கும் வித்தியாசமே இல்லை, அழுத்திய கை சோரவே இல்லை. கடிதத்தில் வழக்கம்போல யாவரும் சுகம். எழுத்து மட்டும் கொஞ்சம் கீழே இறங்கி ஓடியிருந்தது. பேனா சரியில்லை என்று அப்பாவே காரணமும் எழுதியிருந்தார். கேட்காதபோது காரணம் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அளவுகோலை எடுத்துப் பொட்டுகளை ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்கினேன். எட்டாவதை அளந்து குறித்துவிட்டு அளவுகோலை வலப்பக்கம் நகர்த்தினேன். அங்கே வெறும் நீலத் தாள்தான் இருந்தது.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் மடிந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஜன்னலண்டை கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். எட்டுத்தான் இருந்தது. சொன்னதைச் சொன்னபடி, ஒன்றுகூடக் கூட்டாமல், கருவியை இனித் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்த ஒரு மனிதர் மிகுந்த கவனத்தோடு அழுத்தியிருந்தார். ஸ்டவ்வுக்குக் காற்றடித்துப் பழகிய கை. நான் கவலைப்படக் கூடாது என்று அப்பா அவரைக் கேட்டுக்கொண்டிருப்பார். பந்தை அப்பாவால் அழுத்த முடியவில்லையா, அழுத்திப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப்போட்டாரா, தெரியவில்லை.

காசிம் பாய் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை பிரிக்ஸிடம் ஆறு மாதம் விடுப்புக் கேட்டேன். எதற்கு என்றார். நான்காவது தாளையும் ஐந்தாவது தாளையும் அவர் முன் வைத்து எண்ணச் சொன்னேன். எண்ணிவிட்டு, முன்பு நான் சொன்ன கொசுறுக் கதையை நினைவில் வைத்திருந்தார் போலிருக்கிறது, "போய் வா" என்று மட்டும் சொன்னார். நேற்றுக் கப்பல் ஆபீஸுக்குப் போய்ப் படிவம் வாங்கிவந்தேன். இந்த வாரமே புறப்படும் கப்பலில் இடம் இருக்கிறது. பயணத்தின் காரணம் என்று ஒரே ஒரு வரி விட்டிருக்கிறார்கள். தாளில் ஒன்பதாவது இல்லை என்று முதலில் பென்சிலால் எழுதினேன். பிறகு அதை ரப்பரால் அழித்துவிட்டு, தந்தைக்குச் சுகமில்லை என்று மையால் எழுதினேன்.